மூவர் இறங்கத்தான் வேண்டுமா?

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு ஏற்றிச்செல்லும் நீர்மூழ்கி. 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துக்குள் மூவரும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 600 கிலோ பாரம் அழுத்தும். இத்தனை பாடுபட்டு மனிதரை அங்கே இறக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நம் ஊடகங்களில் அதிகம் எழவில்லை. திட்டத்தை மனதார வரவேற்பவன் என்பதாலேயே அதை எழுப்புகிறேன்.

ஆளில்லாக் கருவிகளின் பக்கம் நியாயம் வலுவாகவே இருக்கிறது. இதே நிறுவனத்தின் ரோசப் 6000, கேபிளில் தொங்கியபடி 2010இலேயே 5000 மீட்டருக்குக் கீழே போய் வந்துவிட்டது. மத்ஸ்யாவின் வழக்கமான பயண நேரம் 12 மணி; இறங்கவும் ஏறவுமே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும், தரையில் வேலை செய்யக் கிடைப்பது சில மணி நேரம்தான். கேபிள் கருவிக்குக் கப்பலிலிருந்தே மின்சாரம் போகிறது. அது நாள்கணக்கில் கீழே கிடக்கும். அது அனுப்பும் படத்தைக் கப்பலில் இருக்கும் விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். 2014இல் கெர்மாடெக் அகழியில், சுமார் 9900 மீட்டர் ஆழத்தில், அமெரிக்காவின் நீரியஸ் கருவி நொறுங்கியது. இழப்பு பெரிது, ஆனால் எந்த வீட்டிலும் சாவு விழவில்லை.

மத்ஸ்யாவுக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது கனிம ஆய்வு. எனக்கு மிகப் பலவீனமாகப் படுவதும் அதுதான். மத்திய இந்தியப் பெருங்கடலில் பல உலோகக் கனிம உருண்டைகளுக்காக இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஒரு சிறு ஜன்னல் வழியே, விளக்கு வெளிச்சம் எட்டும் சில மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு இதை அளந்து முடிக்க முடியாது. தானியங்கிக் கருவிகளுக்கும் ஒலி அலை வரைபடத்துக்கும் உரிய வேலை அது.

மனிதக் கண்ணுக்கு ஈடில்லை என்பார்கள்; சான்றாக 1977இல் காலாபகோஸ் அருகே ஆல்வின் என்ற ஆளுள்ள நீர்மூழ்கி கண்ட வெந்நீர் ஊற்றுகளைக் காட்டுவார்கள். அங்கே முதல் தடயம் கிடைத்தது, கப்பலிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட ஆங்கஸ் என்ற கேமராச் சட்டத்துக்கு. அது ஒரு கணநேர வெப்ப உயர்வைப் பதிந்தது; அதே இடத்துப் படங்களில் சிப்பிகள் குவிந்திருந்தன. ஆல்வினில் போனவர்கள் அதன் பிறகே இறங்கினார்கள். அந்தப் பயணத்தில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. உயிரியலாளர்கள் 1979இல்தான் போனார்கள். சூரிய ஒளியே இல்லாமல் வேதிப்பொருளை நம்பி வாழும் உயிர்க்கூட்டம் அறிவியலுக்கு வசப்பட்டது, ஆல்வின் திரும்பத் திரும்ப அங்கே போனதால்தான்.

இதற்கு எதிர்ச்சான்று டிரியஸ்டே என்ற ஆளுள்ள நீர்மூழ்கி. 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் அதில் இறங்கி, கடலிலேயே மிக ஆழமான சேலஞ்சர் பள்ளத்தின் அடியைத் தொட்டார்கள். இருபது நிமிடம் இருந்தார்கள், கிளம்பிய சேறு படமெடுக்க விடவில்லை. மனிதர் மறுபடி அங்கே போக 2012 ஆயிற்று. மகத்தான துணிச்சல், சொற்பமான அறிவியல். சீனாவின் ஆளுள்ள நீர்மூழ்கி ஃபெண்டோவ்ஜெ 2020இல் 10,909 மீட்டரைத் தொட்ட செய்தியைவிட, 2024இல் வடமேற்குப் பசிபிக் அகழிகளில் அது அடுத்தடுத்து இறங்கியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 9533 மீட்டர் ஆழம் வரை வேதிச்சத்தை உண்டு வாழும் உயிர்க்கூட்டங்கள் இருப்பதை அந்தப் பயணம் காட்டியது. கேபிள் சிக்கிக்கொள்ளக்கூடிய கரடுமுரடான சரிவில் கட்டின்றித் திரும்பவும், கண்டதை வைத்து அப்போதே திசை மாற்றவும் ஆளுள்ள நீர்மூழ்கியால் முடிகிறது. அதன் உண்மையான பலம் இதுதான்.

2023இல் ஐந்து பேரோடு நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியைக் காட்டி இந்த வகை நீர்மூழ்கிகளையே ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. அதன் உடற்பகுதி கார்பன் ஃபைபர். வெளி நிறுவனச் சான்றை அதன் உரிமையாளர்கள் நாடவில்லை. முந்தைய ஆண்டு ஒரு பயணத்தின் முடிவில் கேட்ட பலத்த சத்தத்தையும் புறக்கணித்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை விசாரித்துச் சொன்னது. ஆல்வினோ 1964 முதல் 5000 முறைக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதில் யாரும் உயிரிழக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மத்ஸ்யா வேண்டும், ஆனால் கனிமத்தைக் காரணம் காட்டி வேண்டாம். கடலடி உயிரியலுக்கும் நிலவியலுக்கும் உரிய ஆய்வுக்கலமாக, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் இருக்கை ஒதுக்கி, ஆண்டுதோறும் இறங்கினால் மட்டுமே அது தகும். 6000 மீட்டரைத் தொட்டுப் படமெடுத்ததோடு நிறுத்தினால் அந்தப் பணத்தை ஆளில்லாக் கருவிகளுக்கே கொடுத்திருக்கலாம். எது நடக்கப்போகிறது என்பதை அறிய ஒரு வழி உண்டு. தாய்க்கப்பலான சாகர் நிதிக்கு வேறு பணிகளும் நிறைய. முதல் ஆழ்பயணத்துக்கு அடுத்த ஆண்டில் அதன் கடல் நாட்களில் எத்தனையை மத்ஸ்யாவுக்கு ஒதுக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.