வகுப்பில் இல்லாத பிள்ளை

இந்தோனேசியப் பள்ளிகளின் இஸ்லாமிய சமய ஆசிரியர்கள் மாணவர்களிடம் சகிப்புத்தன்மையை எப்படி வளர்க்கிறார்கள் என்று சில ஆய்வுக்கட்டுரைகள் வாசித்தேன். பெரும்பாலும் ஒரே முடிவுதான்: ஆசிரியரே முன்மாதிரி. சொன்னது யார்? அந்த ஆசிரியரேதான்!

அங்கே 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, அவரவர் சமயத்தை அதே சமயத்து ஆசிரியரிடம் படிப்பது மாணவரின் உரிமை. சிறுபான்மைப் பிள்ளைக்கு அது பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆனா விளைவைப் பாருங்க: சகிப்புத்தன்மை பற்றிப் பாடம் நடக்கும்போது, மாற்றுச் சமயத்துப் பிள்ளை அந்த வகுப்பிலேயே இல்லை.

2021இல் பாடாங் நகர அரசுப் பள்ளி ஒன்றில் கிறிஸ்தவ மாணவியை முக்காடு போடச் சொன்னது பெரும் சர்ச்சையானது. மூன்று அமைச்சர்கள் சேர்ந்து அப்படிக் கட்டாயப்படுத்தத் தடை போட்டார்கள்; சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் கைவிட்ட இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் உண்மையான கேள்வி. அதை ஆசிரியரிடம் கேட்டால் போதாதுங்க. அந்த மாணவியிடம் கேட்கணும்.