நெய்தற் சிறார் ஆடலும் நூலகமும்

நூலகங்களின் சிறுவர் பகுதிகளில் கதை கூறலோடு ஆடலும் பாடலும் இடம்பெறுதல் இந்நாளில் வரவேற்கப்பெறுகின்றது. பறவையும் விலங்கும் நீரும் காற்றும் அவ்வாடல்கட்குப் பொருளாகின்றன. அவற்றை ஆக்குவார் எம்முறையைப் பின்பற்றல் தகும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். மீஞ்சூர் வட்டாரத்தின் வடபால், பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த மீனவர் குப்பங்களை இவ்வாய்விற்குக் களனாகக் கொள்கிறோம். பரப்பில் சில்காவிற்கு அடுத்து வைத்து எண்ணப்பெறும் உவர்நீர் ஏரி இது.

சிறார் ஆடல்களிற் பெரிதும் காணப்படுவது, ஆசிரியர் காட்டும் முத்திரைகளைக் குழந்தைகள் அவ்வாறே திருப்பிச் செய்தலாகும். மயிலுக்கு ஒரு கை, மீனுக்கு ஒரு கை என முன்னரே வகுத்த குறிகள் அளிக்கப்படுகின்றன. இம்மரபு பழமையும் பெருமையும் உடையது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், பிண்டிக்கை 33, பிணையற்கை 15 என விரித்துரைப்பர். பிணையலுள் கபோதம், கற்கடகம், மகரம் என உயிரினப் பெயர் தாங்கியனவும் உள. ஆயினும் பெயர் வேறு, பயன் வேறு. கற்கடகம் என்பது நண்டு. விரல்களைக் கோத்துப் பிடிக்கும் அக்கைக்கு அபிநய தர்ப்பணம் கூறும் பயன்களோ கூட்டம் வருதல், சங்கு ஊதல், உடல் முறித்தல், கிளை வளைத்தல் போல்வன. நண்டைக் காட்டல் அவற்றுள் இல்லை. முதிர்ந்த கலைஞர்க்கு இது குறையன்று. ஐயாண்டுச் சிறார்க்கோ, குறியினும் பொருளே முற்பட அறியத்தக்கது.

சங்கப் பாடல்களில் வரும் நெய்தல் நில இளமகளிர் அலவனை ஆட்டுவர், மணலிற் சிற்றில் இழைப்பர், வண்டற்பாவை புனைவர். ஆங்கு உடலசைவு, உயிரினத்தை எதிர்கொள்ளும் போழ்தே பிறக்கின்றது. குரவையும் நிலத்தோடு ஒட்டியதே. ஆய்ச்சியர் குரவையில் மாதரி நிறுத்தும் எழுவரும் ஏறு வளர்த்த ஆயர் மகளிர். புறநானூற்று 24ஆம் பாட்டு, பரதவர் குரவையைக் கடற்றுறை வாழ்க்கையோடு இயைத்துக் காட்டும். நிலனும் தொழிலும் முன்னிற்க, ஆடல் அவற்றின்வழித் தோன்றிற்று என்பது இவற்றாற் புலனாம்.

இக்கருத்தைப் பழவேற்காட்டிற் பொருத்திக் காண்போம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் அமிழ்த்தி, காலாற் சேற்றைக் கலக்கி இரை தேடும். இருளர் மகளிர் ஆழமில்லா நீரிற் கையாற் துழாவி இறால் பிடித்து, பல்லாற் கவ்விய பனையோலைப் பறியில் இடுவர். மீனவர் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கிற்குப் 'பாடு' என்பது பெயர். முதலது நடையையும், இரண்டாவது கைத்தொழிலையும், மூன்றாவது குழுவினர் முறைமாறிக் களம் புகும் அமைப்பையும் ஆடலுக்குத் தரும். குழந்தைகள் தாம் கண்டவற்றைச் செய்து காட்ட, ஆசிரியர் அவற்றுட் சிறந்தவற்றைத் தேர்ந்து தாளத்தில் நிறுத்துவாராயின், அவ்வாடல் அவர்தம் ஆக்கமேயாகும்.

இது வெறும் போலச்செய்தலன்றிக் கலையாகுமோ எனின், ஆகும் என்போம். போலச்செய்தல் தொடக்கம், தேர்வும் தாளமும் ஒழுங்கும் அதனைக் கலையாக்கும். ஏரிச் சிறார்க்கு ஏரியையே காட்டுதல் அவர் அறிவைக் குறுக்காதோ என்பாரும் உளராகலாம். அவர்க்கு நூலகமே விடை. சீகாழியிற் பிறந்த இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று, எந்நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. பூநாரையாய் ஆடிய குழந்தையே பறவை நூலுக்கு உரிய வாசகர். கோடிக்கரையிலும் அப்பறவை திரளும் எனக் கற்கும்போது அதன் உலகம் விரிகின்றது. ஆடிய சிறாரின் வாய்ச்சொற்களை அந்நூலகமே எழுதிவைத்தலும் வேண்டும். தொழில் மாறுமிடத்துப் பறியும் பாடும் சொல்லளவிலும் மறைதல் கூடும்.

ஆகவே, நூலகச் சிறார் ஆடல் முத்திரையில் தொடங்கி இயற்கைக்குச் செல்லாது, இயற்கையில் தொடங்கி நூலுக்குச் செல்லுதல் வேண்டும். முத்திரை பின்னர் வரின், கற்கடகம் என்னும் பெயரைக் கேட்கும் சிறார், அக்கையில் நண்டு எங்கே என வினவுவர். அவ்வினாவே கல்வியின் பயன் என்பது எம் துணிபு.