பெயர் மட்டுமே கூலி

மாரிஸ் வில்லியம்ஸ் 2024 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த கோடையில் தென் கரோலினாவின் ஓஷன் டிரைவில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு திறந்தவெளிக் கச்சேரி. உள்ளூர்க் குழு, எட்டுப் பேர். பக்கத்தில் டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன். மூன்றாவதாக அவருடைய ‘ஸ்டே’ பாடினார்கள். பாடுவதற்கு முன் பாடகர் சொன்னது இவ்வளவுதான்: நம் பீச் கிளாசிக் ஒன்று வருகிறது, ஜோடியைத் தேடிக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்தது, கைதட்டினார்கள், நான்காவது பாட்டு தொடங்கியது.

அந்தப் பாட்டு பதிவானது இதே மாநிலத்தின் தலைநகர் கொலம்பியாவில், தகரக் கொட்டகை ஒன்றில். எழுதியவர் இதே மாநிலத்து லான்காஸ்டர் ஊர்க்காரர். 1960 நவம்பரில் அது அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. ஒரு நிமிடம் நாற்பது நொடிகூட ஓடாத அந்தப் பாட்டைவிடக் குறுகிய பாட்டு எதுவும் இன்றுவரை அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. எழுதியவர் செத்து ஒரு வருஷம்கூட ஆகாதபோது, அவருடைய சொந்த மண்ணில், அவர் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

இடைவேளையில் போய்க் கேட்டேன். பாடகர் கோபப்படவில்லை, நல்ல மனிதர். ஆட வந்தவர்களுக்கு வகுப்பா எடுக்க முடியும், நாங்கள் பாடாவிட்டால் இதெல்லாம் என்றோ செத்திருக்குமே என்றார். அவர் ஒருவரின் பதில் அல்ல இது. கரோலினா கடற்கரையில் பிறர் பாட்டைப் பாடிப் பிழைக்கும் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் தயாரான பதில். விருது மேடைகளிலும் இதையே வேறு சொற்களில் கேட்கலாம்: பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம். காப்பாற்றுகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் குழுக்கள் நன்றாக வாசிக்கின்றன. மூன்று ஊதுகருவிகள் ஒரே மூச்சில் ஒரு சொல்லைச் சொல்வதுபோல் ஒலிப்பது எளிதில் கைகூடுவதல்ல. இந்தக் கடற்கரையின் ஜோடி நடனமான ஷாக் ஆட்டத்துக்குத் தாளம் மிக முக்கியம். ஆறு எண்ணிக்கைக்குள் எட்டு அடி, மேலுடம்பு அசையாமல் கால் மட்டும் மணலில் வழுக்குவதுபோல் வழுக்க வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினாலும் எழுபது வயதுக் கால்கள் தடுமாறும். நல்ல டிரம்மர் அதை விடமாட்டார். ஜெனரல் ஜான்சன் போன்ற மூலக் கலைஞர்களுக்கே, தேசிய வானொலி அவர்களை மறந்த பிறகு, இந்தக் கடற்கரைதான் சோறு போட்டது. 1980-இல் ‘கரோலினா கேர்ள்ஸ்’ அவரிடமிருந்து வந்ததும் அதனால்தான். எல்லாம் சரி.

என் மனக்குறை பழையது, ஒன்றே ஒன்று: பாட்டை எடுத்துக்கொள்கிறார்கள், பாடியவரை விட்டுவிடுகிறார்கள்.

இந்த இசைக்கு வைத்திருக்கும் ‘பீச் மியூசிக்’ என்ற பெயரையே பாருங்கள். அது கேட்ட இடத்தின் பெயர், செய்தவரின் பெயர் அல்ல. 1940களின் கடைசியிலும் 50களின் தொடக்கத்திலும் கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளை வெள்ளைக்கார இளசுகள் தங்கள் வீட்டில் போட முடியாது. கடற்கரைக் கூடங்களின் ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டார்கள். கேட்டவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, தாங்கள் கேட்ட கடற்கரையின் பெயரையே இசைக்கு வைத்தார்கள். பில்போர்டு இதழ் 1949-இல் ‘ரேஸ்’ என்ற தலைப்பை நீக்கி ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியபோது இசைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. ‘பீச்’ என்றபோது அந்த இசைக்கு முகமே இல்லாமல் போனது. 1984-இல் ஷாக் தென் கரோலினாவின் அரசு நடனமானது, 2001-இல் பீச் மியூசிக் அரசின் ஜனரஞ்சக இசையானது. சட்டம் போட்டு மகுடம் சூட்டினார்கள், யார் தலையில் என்பது மட்டும் சட்டத்தின் பெயரில் தெரியாது.

அந்தத் தலைகளுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியாத கதை அல்ல. மர்டில் பீச்சின் கார்வர் தெருவில் சார்லி ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கறுப்பினத்தவர் ஒரு கேளிக்கைக் கூடம் நடத்தினார். வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும் அங்கே போய் ஆட்டம் பார்த்தார்கள், ஆடவும் செய்தார்கள். 1950 ஆகஸ்ட் 26 இரவு வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளான் வண்டி வண்டியாக வந்து கூடத்தைச் சுட்டுத் துளைத்தது. ஃபிட்ஸ்ஜெரால்டை இழுத்துப் போய் அடித்துக் காதை அறுத்தார்கள். குண்டடிபட்டுச் செத்த கிளான்காரன் ஒருவனின் அங்கியைக் கழற்றினால் உள்ளே காவல்துறைச் சீருடை. அந்த இரவுக்காகக் கிளான்காரர் எவரும் தண்டனை பெறவில்லை. இன்று ஷாக் ஆடும் கூடங்கள் அங்கிருந்து சிறிது நேர வண்டிப் பயணத்தில் இருக்கின்றன. அங்கே பாடும் குழு ஒன்றாவது கார்வர் தெருவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரித்திரம் பேச மேடை இதுவல்ல என்பார்கள். சரி, காசு பேசுவோம்.

அமெரிக்காவில் ஒரு குழு பழைய பாட்டை மேடையில் பாடினால், கூடத்தின் உரிமையாளர் உரிமக் கட்டணம் கட்டுகிறார். அது பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகிறது. முதலில் பாடியவருக்கோ வாசித்தவருக்கோ ஒரு செப்புக்காசு கிடையாது. வானொலி நிலையம் மூல இசைத்தட்டையே சுழலவிட்டாலும் இதே கதைதான்: எழுதியவருக்கு உண்டு, பாடியவருக்கு இல்லை. ‘ஸ்டே’யை எழுதியதால் மாரிஸ் வில்லியம்ஸுக்காவது ஏதோ வந்தது. ஆனால் அந்தப் பாட்டை எல்லார் மனத்திலும் நிறுத்தியது நடுவில் திடீரென்று வானத்துக்கு ஏறும் கள்ளக் குரல். அது ஹென்றி காஸ்டனுடையது. அன்று ஓஷன் டிரைவில் கீபோர்டுக்காரர் அந்தக் குரலைப் பிடிக்கக் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க உயர்ந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பில் காஸ்டனின் பங்கு எவ்வளவு? சட்டப்படி பூஜ்யம். சட்டம் கொடுக்காத கூலியை மேடை கொடுத்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பெயர்.

பணமும் போய், உரிமையும் போய், கடைசியில் மிஞ்சுவது பெயர். அதையும் கொடுக்கவில்லை என்றால் இதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? நான் கையாடல் என்றுதான் சொல்வேன். கடுமையான சொல்தான், ஆனாலும் திரும்பப் பெறமாட்டேன்.

‘தி டிரிஃப்டர்ஸ்’ குழுவின் கதை இன்னும் மோசம். குழுவின் பெயர் பாடகர்களுக்குச் சொந்தமில்லை, மேலாளர் ஜார்ஜ் டிரெட்வெல்லுக்குச் சொந்தம். பாடகர்கள் சம்பளத்துக்கு. 1958-இல் மொத்தக் குழுவையும் வெளியேற்றிவிட்டு வேறு ஒரு குழுவைக் கூட்டிவந்து அதே பெயரில் நிறுத்தினார். கரோலினாவில் எந்தக் குழுவும் தவிர்க்காத ‘அண்டர் தி போர்டுவாக்’ 1964 மே 21-இல் பதிவானது. அதைப் பாட வேண்டியிருந்தவர் ரூடி லூயிஸ். முந்தின நாள் அவர் இறந்துபோனார். பதிவை நிறுத்தவில்லை, ஜானி மூர் பாடினார். நண்பன் செத்த மறுநாள் வெயிலையும் நிழலையும் பற்றி மெதுவாக, சற்றே ஒடுங்கிப் பாடும் அந்தக் குரலை இசைத்தட்டில் கேளுங்கள். பிறகு இந்தக் குழுக்கள் பாடுவதைக் கேளுங்கள்: பீர் விளம்பரம். சோகத்தோடு பாடு என்று நான் கேட்கவில்லை, ஆடுவதற்குத்தானே வந்திருக்கிறார்கள். ஆனால் ஜானி மூர் என்ற பெயர் தெரிந்தவன் அந்தப் பாட்டை அப்படிக் கண்ணடித்துப் பாடமாட்டான். பெயர் மறந்தால் பாடும் விதமும் கெடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு வாதமும் உண்டு. இவையெல்லாம் இப்போது நாட்டார் பாட்டுபோல ஆகிவிட்டன, ஊர் சொத்து, யார் பாடியது என்று எந்த நாட்டுப்பாட்டுக்குக் கேட்கிறோம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டுப்பாட்டின் ஆசிரியர் யாரென்று நமக்குத் தெரியாது. இங்கே இசைத்தட்டின் மேலேயே குழுவின் பெயர் அச்சாகியிருக்கிறது, பதிவான தேதி இருக்கிறது, பாடியவர்களில் சிலர் உயிரோடும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத பாட்டு வேறு, பெயரைச் சொல்லாத பாட்டு வேறு.

பெயர் சொல்லாமல் விட்டால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு ராபர்ட் ஒயிட் சாட்சி. ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் ஏறிவரும் கிட்டார் இழையை வாசித்தவர் அவர். உலகத்தில் அந்த இழையைக் கேட்காத காது குறைவு. ஆனால் மோடவுன் நிறுவனம் தன் வாத்தியக்காரர்களின் பெயரை 1971 வரை இசைத்தட்டு உறையில் போடவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் சொன்ன சம்பவம் ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோடவுன்’ ஆவணப்படத்தில் வருகிறது. வயதான ஒயிட் உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். ‘மை கேர்ள்’ ஒலிக்கிறது. பரிமாறுபவரிடம் அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொள்கிறார். சொன்னால் கிழவன் உளறுகிறான் என்று நினைப்பார்கள் என்ற கூச்சம். 1994-இல் இறந்தார்.

அந்த உணவகத்தில் யாராவது ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் அவர் வாயை மூடியிருக்க வேண்டாம். பெயரைத் தெரியப்படுத்தும் வாய்ப்பு ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் இந்தக் குழுக்களின் கையில், ஒலிவாங்கியோடு சேர்த்து, இருக்கிறது.

அன்று கச்சேரி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மேடைத் தரையில் டேப் போட்டு ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலைக் குனிந்து பார்த்தேன். ஒரே தாள், வியர்வையோ பீரோ பட்டு மை கலைந்திருந்தது. இருபத்தாறு பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருதி, வேகம், எந்த இடத்தில் சாக்ஸபோன் நுழைய வேண்டும் என்ற குறிப்பு. ‘மை கேர்ள்’ எதிரே ‘சி, பிறகு டி’ என்று பொறுப்பாக எழுதியிருந்தார்கள், பாட்டின் பின்பாதியில் சுருதி ஒரு படி ஏறுவதற்காக. இவ்வளவு கவனம் உள்ளவர்கள்! அந்த இருபத்தாறு வரிகளில் ஒரு மனிதப் பெயர் இல்லை. தாளின் வலப்பக்கம் முழுக்க வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் எழுதுங்கள் என்பதுதான் இந்தக் குழுக்களிடம் நான் கேட்பது. ‘ஸ்டே’ எதிரே வில்லியம்ஸ், காஸ்டன். ‘போர்டுவாக்’ எதிரே ஜானி மூர். ‘மை கேர்ள்’ எதிரே அதைப் பாடிய டேவிட் ரஃபின், கிட்டார் வாசித்த ராபர்ட் ஒயிட். பாட்டுக்கு முன் அதை வாசித்துக் காட்ட ஐந்து நொடி போதும், டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணுவதற்குள் முடிந்துவிடும். ஆடுபவர்கள் கால் மாற்றிக்கொள்ளும் நேரம்தான் அது. அதைச் செய்யாத குழு எவ்வளவு நன்றாக வாசித்தாலும், எத்தனை விருது வாங்கினாலும், பாரம்பரியம் என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம்.