கொற்கையும் ஐரோப்பாவின் நூற்றாண்டும்

காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களின் பாங்கொலியும் அதனை அடுத்த கொம்புத்துறைக் கோயிலின் மணியோசையும் ஒரே கடற்காற்றில் கலந்து வருகின்றன. இக்கரையை மனத்திற்கொண்டே ஆர். என். ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவலை நாம் மீண்டும் படித்தோம். 2009இல் வெளிவந்து, 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் இது. நம்மவர் சிலரது சினத்துக்கும் ஆளானது. குருக்களைக் குறைகூறுகிறது என்பது அதன்மீதுள்ள குற்றச்சாட்டுகளுள் ஒன்று. குருவாகிய நாம் அதனை எங்ஙனம் எடைபோடுவது?

நாவலின் காலம் 1914இல் தொடங்கி 2000இல் முடிகிறது. 1914இல் ஐரோப்பா போரில் மூழ்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு பொழிந்தது. தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் இடையே பாய் விரித்த தோணிகளின் வாழ்வும் தாழ்வும், நம் மக்கள் கண்டிராத தலைநகரங்களின் முடிவுகளோடு பிணைந்திருந்தன.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. போர்த்துக்கல் அரசின் பதுரவாதோ உரிமையும் உரோமையின் நேரடி ஆட்சியும் மோதியதால் இக்கரையின் இறைமக்கள் பிளவுண்டு கிடந்தனர். 1910இல் லிஸ்பனில் முடியாட்சி வீழ்ந்தது. வந்த குடியரசு, தன் நாட்டில் திருச்சபையை ஒடுக்கியபோதும், கீழை நாடுகளில் பழைய உரிமையைக் கைவிடவில்லை. இரட்டை ஆட்சிக்கு முடிவுகாணும் உடன்படிக்கை 1928இல்தான் கையெழுத்தாயிற்று. இதற்கிடையே, போரின் அழிவைக் கண்ட திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட், மறைபரப்புநர் தம் தாய்நாட்டின் நலனுக்கு உழைக்கலாகாது என 1919இல் எழுதினார். அந்தந்த நாட்டுக் குருக்களே திருச்சபையை வழிநடத்தும் தகுதி பெறவேண்டும் என்றார். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது. இந்தியரான திபூர்சியுஸ் ரோச் அடிகளார் அதன் முதல் ஆயரானார்.

ஆகவே, குருக்களை வரலாற்றுக்கு மேலே நிறுத்தாமல், அதன் அலைகளுக்குள் தத்தளிக்கும் மனிதராகக் காட்டுவது நாவலின் வலிமை என்றே கொள்கிறோம். குறையும் உண்டு. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பரப்பில் எண்ணற்ற மாந்தர் வருகின்றனர். பலர் மனத்தில் பதியுமுன்னே மறைந்துவிடுகின்றனர். அவர்களது துயரத்தோடு நாம் தங்கியிருக்க நேரம் கிடைப்பதில்லை.

நாவல் முடியும் அதே 2000ஆம் ஆண்டு, மார்ச் 12 அன்று, திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் திருச்சபையின் மக்கள் இழைத்த பாவங்களுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். பிறரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைக்கும் நாம், நம்மைக் குறித்த சாட்சியத்தைக் கேட்க அஞ்சலாமா?