ரேம் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் காவிரி டெல்டாவில் பெரும்பாலும் நவம்பர் 15. அடங்கலும் வங்கிப் புத்தகமுமாக விவசாயிகள் பொதுச் சேவை மையங்களில் வரிசை கட்டும் அந்த நாட்களில் மழையும் விடாது. அப்போது கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி அடிக்கடி நின்றுபோனால் தஞ்சைப் பக்கத்தில் உடனடிக் கைவைத்தியம் ஒன்று உண்டு: ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. ஈரக்காற்றில் முனைகளில் படியும் படலம் நீங்கினால் இணைப்பு சீராகும். ஆனால் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதுமே வேலை முடிந்தது என்று மூடியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிப்புக்குள் பழுது இருந்தால் ரப்பர் அதைத் தீர்க்காது. நின்றுபோகிற கம்ப்யூட்டராவது பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஒரு பிட்டைப் புரட்டிவிடும் ரேம்தான் ஆபத்தானது. தப்பான தகவல் சத்தமில்லாமல் கோப்பில் பதிந்துவிடும். இதைக் கண்டு திருத்தும் இசிசி ரேம் சர்வர்களில் உண்டு, சாதாரண மேசைக் கணினிகளில் அநேகமாகக் கிடையாது. கூகுள் சர்வர்களில் இரண்டரை ஆண்டு திரட்டிய தரவுகளை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை தென்பட்டதாகச் சொன்னது. அபூர்வமான கோளாறு என்று இதைத் தள்ளிவிட இயலாது.

மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருள்களின் வலிமை இங்கேதான் தெரிகிறது. அவை விண்டோஸ் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து துவங்கி, ரேமின் முகவரிகளில் எண்களை எழுதி, படித்து, தலைகீழாக்கி எழுதி, மறுபடி படித்து ஒப்பிடுகின்றன. விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் கைக்கு எளிது. ஆனால் அதன் வழக்கமான ஓட்டம் மேலோட்டமானது.

சோதனை பிழை காட்டினால், எங்கோ பழுது உண்டு என்று நம்பலாம். காட்டாவிட்டால் ரேம் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. காலையில் கொள்முதல் வரம்பான 17 சதவீத ஈரப்பதத்துக்குள் இருந்த நெல் மாலை மழையில் நனைந்தால் கணக்கு மாறிவிடும். ரேம் சோதனையும் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்கிறது. பம்ப்செட் ஓடும்போது வோல்டேஜ் தள்ளாடுகிற ஊரில், இரவின் சீரான மின்சாரத்தில் தேறிய கம்ப்யூட்டர் பகலில் மறுபடி நிற்கலாம். சோதனை நடக்கும்போது ஹார்டு டிஸ்க்குக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஏறக்குறைய ஓய்வு என்பதால், பவர் சப்ளையின் பலவீனமும் வெளியே வராது.

பிழை வந்தாலும் குற்றவாளி ரேம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஸ்லாட், பிராசஸரின் மெமரி கன்ட்ரோலர், பயாஸில் கூட்டிவைத்த வேகம் எதுவும் காரணமாகலாம். வேகத்தை இயல்புக்கு இறக்கி, ஒவ்வொரு ரேமாக, ஸ்லாட் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை ரேமோடு நகர்ந்தால் பழுது ரேமில். ஒரே ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் பிழை வந்தால் பழுது வேறிடத்தில். நேரம் பிடிக்கும் என்பதால் பழுதுபார்ப்பவர்கள் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். சோதனைக்கு மதிப்பே இதில்தான் இருக்கிறது.

காப்பீட்டு வேலை தொடங்குமுன், அக்டோபரிலேயே, கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டி, சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டிவிடுங்கள். கோப்புகளுக்கு முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புது ரேம் வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம், பழையதைத் தனியாகப் போட்டு ஓட்டிய சோதனைத் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.