கருமணலின் சாட்சியம் எதுவரை செல்லும்?

கன்னியாகுமரி அருகே வட்டக்கோட்டைச் சுவருக்குக் கீழே கிடக்கும் கருமணலை எங்கள் பக்கத்து அணு விவாதங்களில் இரு தரப்பும் சாட்சிக்கு இழுக்கின்றன. கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் கூடங்குளம் அணுமின் நிலையம். "காலங்காலமா கதிர்வீச்சு மணல்லதான் கெடக்கோம், ஒண்ணும் ஆகல்ல, உலைக்கு மட்டும் என்ன பயம்?" என்கிறது ஒரு தரப்பு. ஊரில் வரும் புற்றுநோய் அத்தனைக்கும் மணல்தான் காரணம் என்கிறது மற்றது.

முதலில் நிறத்தை விலக்கிவிடலாம். மணலைக் கறுப்பாக்குவது இல்மனைட். கதிர்வீச்சுக்கு முக்கியக் காரணமான மோனசைட்டோ தேன்மஞ்சள். அதை இந்தக் கரையில் அடையாளம் காட்டியவர் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க். 1909இல், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் கண்டார். அதிலிருந்த தோரியம் அன்று விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. இதே கரையில் மணவாளக்குறிச்சியின் மணல் தொழிலுக்குத் தொடக்கம் அதுதான். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அவ்வளவு மெல்லச் சிதைவதால்தான் இன்றும் மிச்சமிருக்கிறது. அதன் வழித்தோன்றல் தனிமங்கள் காமா கதிரை விடுகின்றன.

இந்த வகை மணலைப் பற்றிய கனமான சான்று, மேற்கே கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியிலிருந்து வருகிறது. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்; அங்கே சில இடங்களில் 70 மில்லிகிரே வரை போகிறது. ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. மணல்மீது எல்லாப் பழியையும் போடுபவர்களின் வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

ஆனால் 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று வாசிப்பது அவசரம். அந்த ஆய்வில் பதிவானவை 1,379 புற்றுநோய்கள். ஒரு கிரேக்குக் கூடும் அபாயத்தின் மதிப்பீடு மைனஸ் 0.58 முதல் 0.46 வரை பரந்து கிடக்கிறது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்தொழிலாளர் மூன்று லட்சம் பேரை ஆராய்ந்து 2023இல் வந்த முடிவு, திண்கட்டிப் புற்றுநோய் மரணம் ஒரு கிரேக்கு 52 சதவீதம் (0.52) கூடுகிறது என்றது. அதன் எல்லை 0.27 முதல் 0.77 வரை. ஒன்று நோயை எண்ணியது, மற்றது மரணத்தை. என்றாலும் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சிறிய அபாயம் இருந்திருந்தாலும் கருநாகப்பள்ளிக் கணக்கில் அது தப்பியிருக்கும். மேடைகளில் இந்த ஆய்வின் முதல் வரியை மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது.

இனி உலை. ஒழுங்காக ஓடும் நிலையத்தால் பொதுமக்களுக்குச் சேரும் அளவுக்கு ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். இயற்கை தருவதைவிடக் குறைவு. இந்தக் கணக்கில் உலை ஆதரவாளர்கள் சொல்வது சரி, தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புமை உடைவது விபத்தில்தான். மோனசைட்டின் தோரியம் பாஸ்பேட் படிகத்துக்குள் பூட்டப்பட்டது, தண்ணீரில் எளிதில் கரையாது. உலையில் யுரேனியம் பிளந்து பிறக்கும் அயோடின்-131, சீசியம்-137 அப்படியில்லை. காற்றேறும், புல்லேறும், பாலேறும். 1986இல் செர்னோபிலுக்குப் பின் குழந்தைகளின் தைராய்டுக்குப் புற்று வந்தது முக்கியமாகப் பால் வழியே. அயோடினுக்கு அரை ஆயுள் எட்டு நாள், சீசியத்துக்கு முப்பது ஆண்டு. 2011இல் ஃபுகுஷிமாவில் லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டார்கள். கருமணல் யாரையும் ஒரே இரவில் ஊரைவிட்டுக் கிளப்பியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: அன்றாட அளவைப் பற்றிய பயத்தைத் தணிக்க இந்த மணல் தகுதியான சாட்சி, விபத்தைப் பற்றியோ கழிவைப் பற்றியோ பேச அதற்குத் தகுதியில்லை. கூடங்குளத்தில் கேட்க வேண்டியது அந்தக் கழிவை, அதாவது எரிந்து முடிந்த எரிபொருளைப் பற்றி. அதை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கைக் கட்ட 2018இல் உச்ச நீதிமன்றம் 2022 வரை அவகாசம் நீட்டித்தது. உலைகள் ஓடத் தொடங்கியதோ 2013இலும் 2016இலும்.