காரணம் கேளாத கதை

ஆடவன் ஆடவன்பால் கொள்ளும் காதல் அரபு இலக்கியத்தில் இன்று நேற்றுத் தோன்றிய பாடுபொருள் அன்று. எட்டாம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அபூ நுவாஸ் அதனைக் கூச்சமின்றிப் பாடினார். பெரும்புலவர் வரிசையில் அவருக்கு இன்றும் இடம் உண்டு. அத்தகைய மாந்தரை இக்கால நாவல் எவ்வாறு நோக்குகிறது என்பதை அறிய, இரு நூல்களை அருகருகே வைத்துப் படித்தல் தகும்.

எகிப்தியரான அலா அல் அஸ்வானியின் 'யாகூபியான் கட்டடம்' 2002இல் வெளிவந்தது. அதில் வரும் ஹாத்திம் ரஷீத் பிரெஞ்சு மொழிச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர், கற்றவர், செல்வர். அவருடைய தனிமையை அஸ்வானி பரிவுடனேயே காட்டுகிறார். ஆயினும் 'இவர் ஏன் இப்படி ஆனார்?' என்னும் வினா அவரை விட்டபாடில்லை. பெற்றோரின் பாராமுகம், சிறுவயதில் வேலையாள் ஒருவனால் நேர்ந்தது என விடைகளை அடுக்குகிறார். கதையில் வரும் ஏனையோரின் காதலுக்கு இத்தகைய காரணம் எதுவும் தேடப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. முடிவில், தாம் விரும்பியவன் கையாலேயே ஹாத்திம் மடிகிறார்.

லெபனானியரான ஹுதா பரக்காத்தின் 'சிரிப்பின் கல்' அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முற்பட்டது. 1975இல் மூண்ட உள்நாட்டுப் போரின் நடுவே பெய்ரூட்டில் ஓர் அறையில் வாழ்கிறான் கலீல். வெளியே, ஆண்மை என்றால் துப்பாக்கி. அவனோ சண்டை ஓய்ந்ததும் தன் அறையைக் கழுவித் துடைக்கத் தொடங்குகிறான். அவனுக்குப் பரக்காத் முத்திரை எதுவும் குத்தவில்லை, காரணமும் கூறவில்லை. அவன் உள்ளூர நேசித்த நாஜி கொல்லப்படுகிறான். பின்னர் யூசுபும் மாள்கிறான். வாய்விட்டு அழும் உரிமை கூட அவனுக்கு இல்லை. உறவு இன்னது என்று சொல்ல முடியாதவன் இழவு வீட்டில் எங்கே அமர்வான்?

அஸ்வானியின் கதையைப் போல இது விரைந்து ஓடாது. பொறுமையற்றவர் பாதியிலேயே நூலை மூடிவிடவும் கூடும். மூடுவோர் இழப்பது இறுதிப் பகுதியை. ஊர் கலீலை ஒருநாள் தன்னவனாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எப்போது? ஆயுதக் கூட்டத்தோடு கூடி, ஒரு பெண்ணின் மீது வன்கொடுமை புரியும் அளவுக்கு அவன் மாறிய பிறகு. ஹாத்திம் உயிரை இழந்தார். கலீலோ உயிர் பிழைத்துத் தன்னை இழந்தான். அதுவரை மறைந்திருந்த கதைசொல்லியாகிய பெண் அங்கே வெளிப்பட்டு, தான் இத்தனை நாள் உடன் நடந்தவன் தன்னை விட்டு அகன்று போவதைப் பார்த்து நிற்கிறாள்.